பதினேழாம் எண் பை

பதினேழாம் எண் பையைத் திறந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் நினைக்கும்போது அந்தச் சிரிப்புதான் முதலில் காதில் கேட்கிறது.

நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை அது. தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் காகிதப் பை நாள். வருஷத்துக்கு இரண்டு முறை, வீட்டில் இருக்கிற மாத்திரை மருந்து அத்தனையையும் ஒரு பழுப்புக் காகிதப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு சைக்கமோர் ஓடை என்கிற எங்கள் ஊர் ஜனம் மொத்தமும் மலையிலிருந்து இறங்கி வரும். காலாவதியானது, பாதி தின்றது, நாய்க்கு வாங்கியது, செத்துப்போன மாமனாருடையது எல்லாம் வரும். எது என்ன, எதைத் தின்னலாம், எதைத் தூக்கி எறியவேண்டும் என்று நான் பார்த்துச் சொல்வேன். முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவள் நான், வெர்னா ஸ்டிடம்.

பைகளில் பெயர் எழுத மாட்டார்கள். இந்த மலையில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது சித்தப்பா மகனாக இருப்பான். மாத்திரையைப் பார்த்தால் வியாதி தெரியும், வியாதி தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரியும். ரொம்ப வருஷத்துக்கு முன் ஒரு பெண்மணியின் நரம்பு மாத்திரை விஷயம் அப்படி வெளியே போய், அவர் பாட்டுக் குழுவை விட்டே விலகிவிட்டார். அதற்குப் பிறகுதான் எண் முறை வந்தது. போதகரின் மனைவி சிஸ்டர் இமோஜீன் படிக்கட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்பார், அதே எண்ணைப் பையிலும் ஒட்டுவார். பை திரைக்குப் பின்னால் என் மேசைக்கு வரும். நான் பார்த்து ஒரு அட்டையில் எழுதித் தருவேன். என் கடையில் வேலை செய்யும் ஓடெல் அதை எடுத்துப்போய் எண்ணைக் கூப்பிட்டுக் கொடுப்பான். நாற்பது வயது, கதவை அடைக்கும் உடம்பு, வாய் மட்டும் சளைக்காது அவனுக்கு.

எனக்கு முகம் தெரியாதே தவிர, என் குரல் எல்லாருக்கும் கேட்கும். பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே, யாருடையது என்று தெரியாத பைகளை நான் திட்டுவதைக் கேட்பதற்கென்றே பாதிப் பேர் வருகிறார்கள் என்று இமோஜீன் சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. திட்டினாலும் அட்டையில் மட்டும் பதவிசாகத்தான் எழுதுவேன். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் இப்படி அச்சடித்து வைத்திருக்கிறேன்: 'கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்றும் இல்லை. எந்த நேரமும் என்னைக் கேளுங்கள். — வெர்னா.'

இந்த நாட்டில் ஒவ்வொரு மாத்திரையின் முதுகிலும் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்க வேண்டும், சட்டம் அப்படி. படிக்கத் தெரிந்தால் என்ன மருந்து, எவ்வளவு வீரியம், எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு ஆயிரத்துக்கு மேல் மனப்பாடம். பள்ளிக்கூடத்து நர்ஸ் கூப்பிட்டுக் கேட்பாள். ஷெரிஃப் ஆபீசிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள். யாராவது "வெள்ளையா, உருண்டையா இருக்கு" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். 'நிறத்தைச் சொல்லாதே, எழுத்தைப் படி' என்று கடைச் சுவரிலேயே எழுதி மாட்டியிருக்கிறேன்.

அன்று காலை பதினாறு பை முடித்திருந்தேன். பதினாறாம் பையில் பூனைக்கான குடற்பூச்சி மருந்து, அதைப் பாதி தின்றது மனுஷர்தான் என்று தெரிந்து ஓடெலும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"உங்க வீட்டுப் பூனை எப்படி இருக்கு, மிஸ் வெர்னா?" என்றான் ஓடெல். என் கணவர் டென்வரைத்தான் அப்படிச் சொல்வான். கல்யாணமானவளையும் மரியாதைக்கு மிஸ் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"அதை ஏன் கேக்கற. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டின மனுஷன், இப்ப சோபாவை விட்டு எந்திரிக்கறதில்ல. தட்டுல வெச்சது வெச்சபடி இருக்கு. கேட்டா பசிக்கலயாம், வயித்தைப் புரட்டுதாம். ஆனா என் குறையைக் கண்டுபிடிக்க மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது. சட்டையெல்லாம் மஞ்சளா இருக்கு, சரியா வெளுக்கலையான்னு கேக்கறாரு."

"அப்ப ஒரு பாட்டில் ப்ளீச் ஊத்திடுங்க. சட்டைக்கில்ல, அவருக்கு."

இதற்குத்தான் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஓடெல் அடுத்த பையை மேசையில் வைத்தான்.

"பதினேழு. பாட்டில் ஒண்ணுமில்ல, மிஸ் வெர்னா. சாண்ட்விச் கவர்ல கொட்டி எடுத்துட்டு வந்திருக்காங்க."

எனக்குப் பிடிக்காத விஷயங்களில் முதலாவது அது. பாட்டில் இல்லாத மாத்திரை பேர் இல்லாத பிணம் மாதிரி. "யாரு இந்த மகராசன்? மாத்திரையா, மாட்டுத் தீவனமா?" என்று உரக்கவே கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்தது.

நீலத் தட்டில் கொட்டி, சப்பைக் கரண்டியால் மாத்திரைகளைப் பிரித்தேன். நான்கு வகை, ஒவ்வொன்றிலும் ஏழு. ஒரு வாரத்துக்கானதை எண்ணி எடுத்து வந்திருக்கிறார்கள். சின்னது நீர் பிரிகிற மாத்திரை. இன்னொன்று சாதாரண ஆஸ்பிரின். மற்ற இரண்டும் வெள்ளை. ஒன்று உருண்டை, ஒன்று நீளம். பூதக்கண்ணாடியை வைத்து உருண்டையைப் படித்தேன். கே, நாற்பத்தேழு. டிஜாக்சின், இருநூற்றைம்பது மைக்ரோகிராம், நியூ ஜெர்சி கம்பெனி. இதயத்துக்கானது. என் கடையிலும் அதுதான் வாங்குகிறோம். நீளத்தைத் திருப்பினேன். ஆர் டி, இருபத்தொன்று. அதை நான் கடையில் வைப்பதில்லை, ஆனால் தெரியும். தபாலில் மருந்து அனுப்பும் கம்பெனிகள் வாங்குவது.

அதுவும் டிஜாக்சின். அதுவும் இருநூற்றைம்பது.

மறுபடி படித்தேன். இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் ஒரு முழம் கூடக் கிடையாது. வயசாளிக்கு இதில் ஒன்றே தாராளம். இந்த ஆள் தினமும் இரண்டு தின்றுகொண்டிருக்கிறார், இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்துக்கொண்டு. வேறு கம்பெனி, வேறு வடிவம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு வந்தது கோபம். அதுவும் அந்த ஆள் மேல் வரவில்லை.

"இந்தாளுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளா?" என்று கத்தினேன். "இருந்தா அவளுக்குக் கண்ணு இருக்கா? புருஷன் தினம் என்ன முழுங்கறான்னு பாக்கறதை விட அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை அவளுக்கு?"

கூடம் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். நான் அட்டையை எடுத்து எழுதினேன்: 'உருண்டையும் நீளமும் ஒரே மருந்து. இனி ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். இப்போதே மருத்துவமனை.' எழுதிக்கொண்டிருக்கும்போதே கை தயங்கியது. அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகிற ஜனங்கள் இவர்கள். திங்கட்கிழமை வரை இந்த ஆள் இருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எந்த வருஷமும் செய்யாததைச் செய்தேன். திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனேன்.

பேச்சு சட்டென்று நின்றது. அறுபது எழுபது பேர் கரண்டியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்கள். படிக்கட்டிலிருந்து இமோஜீன், "சிஸ்டர் வெர்னா, கூடாது, நம்ம வழக்கம்..." என்று எழுந்தார்.

"வழக்கம் கிடக்கட்டும். பதினேழு யாரு? வெக்கப்படாம கையைத் தூக்குங்க. ஒரு நிமிஷம்கூட வீணாக்க முடியாது."

யாரும் தூக்கவில்லை. என் பார்வை வரிசை வரிசையாகப் போய், கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சில் நின்றது. அங்கே டென்வர் உட்கார்ந்திருந்தார். தொப்பி முழங்காலில் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் கிடக்கிற மனுஷன் இங்கே எதற்கு வந்தார் என்றுதான் பட்டது. என் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்திருப்பார், அல்லது கார்ச் சாவி தொலைந்திருக்கும். "நீ என்ன பண்ற இங்க?" என்று அத்தனை பேர் முன்னால் அதட்டினேன். "நானே இங்க ஒரு உயிரைத் தேடிட்டிருக்கேன்."

டென்வர் மெதுவாகக் கையைத் தூக்கினார். விரலிடுக்கில் சீட்டு இருந்தது. பதினேழு.

என் காது அடைத்துவிட்டது. இமோஜீன் ஏதோ சொல்வது வாயசைவாக மட்டும் தெரிந்தது. நான் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் திரும்பி வந்தது. பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காளா. அவளுக்குக் கண்ணு இருக்கா. அத்தனையையும் அவர் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். கூடத்தில் மற்றவர்களுக்கும் புரிய ஆரம்பித்தது. ஒருவர் பின் ஒருவராகத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது என்பார்களே, அன்று ஊரே சுற்றி நின்று அதைப் பார்த்தது.

அவர் முன்னால் போய் மண்டியிட்டேன். கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒன்று... வெகுநேரம் கழித்து இரண்டு. அடுத்ததற்கும் அதே அளவு காத்திருக்க வேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு.

"ஓடெல்! ஆம்புலன்ஸ்!"

"கூப்பிட்டாச்சு, மிஸ் வெர்னா." அவன் குரல் என் பின்னாலேயே கேட்டது. சிரிக்கிற குரலாக இல்லை.

"டென்வர், ஏன் வீட்ல என்கிட்ட கேக்கல? ஒரே வீட்லதானே இருக்கோம்? ஏன் இப்படிக் கவர்ல கொட்டி, நம்பர் வாங்கி..."

"பாட்டிலோட கொண்டுவந்தா நீ கண்டுபிடிச்சுடுவ," என்றார். "உன் கையெழுத்துல பிளாஸ்திரி ஒட்டியிருக்கே."

அந்தத் தவறு வேறு. கடையில் விற்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் மருந்தின் பெயர், வீரியம், கம்பெனி எல்லாம் அச்சடித்து ஒட்டுகிறவள் நான். வீட்டுப் பாட்டிலுக்கு மட்டும் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி, அதில் பேனாவால் 'இதயம், காலை'. நம் வீடுதானே என்கிற அலட்சியம். தபாலில் வந்த பாட்டிலில் டிஜாக்சின் என்று கொட்டை எழுத்தில் இருந்திருக்கும். என் பிளாஸ்திரியில் அந்தப் பெயரே இல்லை. எதோடு எதை ஒப்பிட்டுப் பார்ப்பார் அவர்?

"நீளமானது எப்பலேர்ந்து?"

"மே மாசம். பஸ் டிரைவர் பென்ஷன்காரங்களுக்கெல்லாம் இனிமே மருந்து தபால்லதான்னு கடிதாசி வந்துச்சு. அப்புறம் டப்பாவும் வந்துச்சு. டாக்டர் புதுசா ஏதோ சேத்திருக்காருன்னு நெனச்சேன்."

எனக்குப் பின்னால் ஓடெல் முனகினான். "உருண்டையை மாசாமாசம் நான்தான் நிரப்பிக் குடுத்துவிட்டேன். இன்ஷூரன்ஸ்ல போட்டிருந்தா ஒரே மருந்து ரெண்டு இடத்துலேர்ந்து போகுதுன்னு கம்ப்யூட்டர் அன்னிக்கே கத்தியிருக்கும். நீங்கதான் மிஸ் வெர்னா, வீட்டு மருந்துக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ், சும்மா எழுதி அனுப்புன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதிர்ச்சியில் வாயில் வந்ததைச் சொன்னான். அத்தனையும் நிஜம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். என்ன பிறவி நான். அந்த நிலைமையிலும் பழியை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன்.

"கேட்டேனே, வெர்ன்."

"எப்ப?"

"ஆகஸ்ட்ல. நீ குறுக்கெழுத்துப் போட்டுட்டிருந்த. அந்த மஞ்ச நீள மாத்திரையையும் சேத்துப் போடணுமான்னு கேட்டேன். போடு, உடம்புக்கு நல்லதுன்னு சொன்ன. அதையும் நான்தான் சொல்லணுமான்னு கேட்ட."

நினைவுக்கு வந்தது. தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன். மஞ்சள், நீளம் என்றதும் என் மனதுக்கு வந்தது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த விட்டமின் மாத்திரை. அது வசந்த காலத்திலேயே தீர்ந்துபோயிருந்தது, அதுகூட எனக்குத் தெரியாது. நிறத்தைக் கேட்டு மாத்திரையைச் சொல்லிவிட்டேன். ஊரில் யார் செய்தாலும் நான் சுவரைக் காட்டித் திட்டுகிற காரியத்தை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானே செய்திருக்கிறேன்.

அப்போதுதான் அடுத்தது உறைத்தது. அந்த நீள மாத்திரை மஞ்சள் இல்லை.

என் கையில் இன்னும் ஒன்று இருந்தது. தட்டிலிருந்து எடுத்ததைக் கீழே போடாமல் வந்திருக்கிறேன். அவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன்.

"இது என்ன கலர், டென்வர்?"

"மஞ்சள்."

மேசையில் விரித்திருந்த வெள்ளைக் காகித விரிப்பைக் காட்டினேன். "இது?"

"அதுவும் மஞ்சள்தான். எல்லாமே அப்படித்தான் இருக்கு, வெர்ன். விளக்கைச் சுத்தி வளையம் வளையமா தெரியுது. உன்கிட்ட சட்டையைப் பத்திச் சொன்னேன், உனக்குக் கோவம் வந்துடுச்சு. அப்புறம் சொல்லல."

மருந்துப் படிப்பில் முதல் வருஷமே சொல்லித் தருகிற பாடம் அது. டிஜாக்சின் உடம்பில் அதிகமானால் வயிற்றைப் புரட்டும், பசி போகும், ஆளைப் படுக்கப் போடும், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன். மூன்று மாதமாக என் புருஷன் ஒவ்வொரு அறிகுறியாக என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். நான் அதை வைத்து ஓடெலோடு ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

டென்வர் எழுந்திருக்கப் பார்த்தார். "எல்லாரும் சாப்பிடறாங்க, வெளில போயிடலாம்," என்றார். இரண்டடி வைத்தார். முழங்கால் மடங்கி என் மேலேயே சாய்ந்தார். நானும் அவரும் சேர்ந்து விழுந்தோம். ஓடெல் மட்டும் தாங்கியிருக்காவிட்டால் அவர் தலை பெஞ்சு விளிம்பில் பட்டிருக்கும்.

ஆம்புலன்ஸில் மலையைச் சுற்றி இறங்க நாற்பது நிமிஷம். இதயத்தின் கோடு ஓடுகிற அந்தச் சின்னத் திரையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவில் கோடு தட்டையாக நீண்டுகொண்டே போனது. நான் போனை எடுத்து மருத்துவமனை மருந்தகத்துக்குப் பேசினேன். அங்கே இருக்கும் கர்ட்டிஸ் எனக்குப் பல வருஷமாகத் தெரிந்தவர்.

"கர்ட்டிஸ், டிஜாக்சின் முறிவு மருந்து எத்தனை குப்பி வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு. எதுக்கு, வெர்னா? யாருக்கு?"

"எடுத்து வெளில வெச்சிருங்க," என்றேன். "இன்னும் வேணும்னா லெக்சிங்டன்லேர்ந்து வரவழைங்க. ரெண்டு கம்பெனி மாத்திரை, ரெண்டும் இருநூத்தம்பது. அஞ்சு மாசத்துக்கு மேல."

"அடக் கடவுளே. அஞ்சு மாசமா யாருமே பாக்கலையா?"

நான் போனை வைத்துவிட்டேன். அவசரப் பிரிவில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு இளம் டாக்டர், எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது, கையில் காகிதத்தோடு வந்தாள். நல்ல பெண். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மேடம், அவருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறது யாரு?"

"அவரேதான் எடுத்துப்பாரு."

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல மருந்தைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

கூடத்தில் வராத அழுகை அப்போது வந்தது. "நான் மருந்தாளுநர்," என்றேன். அவள் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. பிறகு எதுவும் எழுதாமல் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு குப்பியும் ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் அவர் நாடி இருபத்தொன்பதுக்கு இறங்கியது. நெஞ்சில் ஒட்டுப் போட்டு மின்சாரத்தால் இதயத்தை ஓட்டினார்கள். லெக்சிங்டனிலிருந்து வந்த குப்பிகளை ஞாயிற்றுக்கிழமை ஏற்றினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இமோஜீன் சோள ரொட்டி கொண்டுவந்து, "யானைக்கும் அடி சறுக்கும், சிஸ்டர்," என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்கு அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல இருந்தது. சறுக்கினது யானை, சாகக் கிடப்பது வேறொருவர்.

புதன்கிழமை அவர் கண்ணைத் திறந்து என் பெயரைச் சொன்னார். வெள்ளிக்கிழமை எழுந்து உட்கார்ந்தார். இதயம் அறுபத்திரண்டு அடித்தது, தானாக. பிழைத்துக்கொண்டார் என்று டாக்டர் பெண் சொன்னபோது நான் நன்றி சொல்லக்கூட மறந்து அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நர்ஸ் அவருடைய உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்தாள். தொப்பி, பெல்ட், பர்ஸ். அவற்றோடு அந்தச் சீட்டும் என் அட்டையும் இருந்தன. அவ்வளவு அமளியிலும் ஓடெல் பழக்கதோஷத்தில் அட்டையைக் கொண்டுபோய் அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். டென்வர் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை படித்தார். அடியில் அச்சடித்திருந்த வரியில் கட்டை விரலை வைத்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் யார் யாரோ கேட்டுட்டுப் போறாங்க. நீயும் அவங்களுக்கு நல்லா எழுதிக் குடுக்கற. நம்பர் வாங்கிட்டா எனக்கும் நீ அப்படி எழுதுவன்னு நெனச்சேன்," என்றார்.

குத்திக்காட்டவில்லை. பஸ் எந்த வழியாகப் போகும் என்று குழந்தைகளுக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் ஒரு கேள்வி கேட்க, நாற்பத்தோரு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தின மனுஷனுக்கு ஒரு திரையும் எண்ணும் தேவைப்பட்டிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை, மூக்கை உறிஞ்சியது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த நேரத்தில் நர்ஸ் ஒரு காகிதக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, "இதைப் போட்டுக்கச் சொல்லுங்க மேடம், தண்ணி எடுத்துட்டு வந்துடறேன்," என்று போனாள். உள்ளே ஒரே ஒரு மாத்திரை.

டென்வர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெர்ன், நம்பர் இல்லாம ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இதைப் போடலாமா?"

உருண்டை, சின்னது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, வயிற்று எரிச்சலுக்கானது. வாய் திறந்து சொல்லப் போனேன். சொல்லவில்லை. கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, எழுத்தைப் படித்தேன். திருப்பிப் போட்டு மறுபடி படித்தேன். நான் நினைத்ததேதான். ஆனாலும் என்னை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன்.

"நீ படிச்சுச் சொல்லு. நான் கேக்கறேன்."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்து பி. நம்பர் பதினாலு," என்றார். "கலர்..."

நிறத்தைச் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ளை," என்றார் டென்வர்.